காற்று வரும் பக்கத்து வீடு

ராணிப்பேட்டை

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள் கண்ணு, அப்பா தூங்கின பிறகுதான் இதையெல்லாம் எழுத முடிகிறது. இங்கே நாங்கள் உடம்பால் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்த அளவுக்காவது இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் உன் குரல் கேட்டதும் நான் அழ, அதைக் கேட்டு நீ அழ, சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது, டாக்டரிடம் காட்டினாயா, வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிடாதே. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே.

வீடு மாற்றப் போகிறோம், தீவில் எந்தப் பக்கம் பார்க்கட்டும் என்று கேட்டிருந்தாய். நடுவில் இருக்கிற மேட்டுப் பகுதி குளிரும் பனியும் என்கிறாய், அது வேண்டாம். மேற்குக் கரையில் மழை கம்மி, துணி காயும், மாப்பிள்ளையின் கம்பெனி பஸ் அங்கேயும் வரும் என்றால் என் மனசு மேற்கு என்றுதான் சொல்கிறது. ஆனால் கிழக்கே அந்தச் சர்ச்சுக்குப் பின்னால் பிள்ளை இருக்கிறானே, அவனை விட்டுவிட்டு எப்படிம்மா போவது என்று கேட்கிறாய். நான் ஒரு தரம்கூடத் தூக்காத பேரன். இந்த வயதில் பாட்டியா மிஸ் என்று ஸ்கூலில் கேலி செய்துகொண்டிருந்தவர்கள், இப்போது நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அப்பா ஏன் என்னோடு பேசுவதில்லை, கோபமா என்றும் கேட்டிருந்தாய். போன் வந்ததும் என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போகிறாரே, அது கோபம் இல்லை. போன வருஷம் நீங்கள் வீடு பார்த்தபோது மாப்பிள்ளை கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு வீடு சொன்னார் இல்லையா, அப்போது அப்பா கேட்டது ஒரே கேள்விதான், காற்று எந்தப் பக்கமிருந்து வருது என்று. நம் ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தானே. தோல் பதனிடுகிற டேனரியைத் தாண்டி வருகிற காற்று ஜன்னலில் அடித்தால் சோறு இறங்காது, அதனால் டேனரிக்குப் போகும் முன்பே காற்று நம் வீட்டைத் தொடுகிற பக்கமாகப் பார்த்துக் குடிபோவோம். கிழக்கிலிருந்து வருகிறது என்று மாப்பிள்ளை சொன்னதும், "கெழக்கயே புடிங்க மாப்ள, காத்து மொதல்ல நம்ம வூட்டுக்குத்தான் வரணும்" என்று அப்பா முடித்துவிட்டார். பக்கத்து வீட்டு ஃபிர்தௌஸ் அக்காகூட, "இன்னாண்ணா, தீவையே வாடகைக்குப் பேசுறீங்களா, அங்க ஏது டேனரி" என்று சிரித்தார்கள், நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அங்கே அந்தக் காற்று கடலிலிருந்து மழையைத்தான் கொண்டுவரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வருஷம் முழுக்கக் காயாத பின்பக்கப் படி, அதில் பாசி, அதில் நீ வழுக்கி விழுந்தாய்.

விழுந்ததற்கும் பிள்ளை போனதற்கும் சம்பந்தம் இல்லை, கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்று உன் டாக்டர் சொன்னதை அப்பாவிடம் சொல்லாமல் இல்லை, பல தரம் சொன்னேன். "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க, அந்த வூட்டப் புடின்னு சொன்னவன் யாரு" என்கிறார். வேலைக்குப் போகிறார், வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி ஜெபத்துக்கு முன்னாலேயே எழுந்து வெளியே போய் பைக் பக்கத்தில் நிற்கிறார். ஃபிர்தௌஸ் அக்கா, "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்கண்ணா, அது அங்க பேஜாராயிருக்கும்" என்று சொன்னதற்கு, "இன்னான்னு பேசறது" என்று கேட்டார்.

நீ எந்தப் பக்கம் என்று கேட்டிருந்ததை நேற்று அவரிடம் படித்துக் காட்டினேன். "என்ன கேக்காத, நான் சொன்ன வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டார். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தவர் திரும்பி நின்று, மேற்கே போனா பிள்ளை இருக்கிற எடத்துக்கு பஸ் இருக்குதாமா, எத்தனை பஸ் மாறணுமாம் என்று கேட்டார்.

அதனால் எந்தப் பக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்பாவையே கேள். மாப்பிள்ளையை விட்டுக் கேட்காதே, என் போனுக்கும் வராதே, அவர் நம்பருக்கே நீ போடு. வைத்துவிட்டால் திரும்பப் போடு. அவர்மேல் உனக்கு வருத்தம் இருந்தால் அதையும் சொல்லிவிடு, திட்ட வேண்டுமென்றால் திட்டு, அதை அவர் தாங்குவார். கேட்காமல் விட்டால்தான் தாங்க மாட்டார். அவர் வாயால் ஒரு பக்கம் சொல்லாமல் நீங்கள் வீடு மாறினால், பெனி, உன் அப்பா இனிமேல் உன் விஷயத்தில் வாயே திறக்க மாட்டார், எனக்கு அந்தப் பயம்தான்.

போகிற வரைக்கும் அந்தப் படிப் பக்கம் போகாதே, தண்ணீர்க் குடத்தை மாப்பிள்ளை தூக்கட்டும். சர்ச்சுக்குப் பின்னால் போகும்போது என் பேரையும் சொல்லி ஒரு பூ வை. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். அப்பாவிடம் பேசினாயா என்று மட்டும் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
கிறிஸ்டினா இன்பராஜ்