ஐம்பத்தைந்து நிமிடம் துண்டிக்கவும்

அன்புள்ள உமக்கு,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேத்தண்ணியும் கையுமாக இருந்தபோது என் திரையில் நான்கு வரிகள் வந்தன. "உரிமையாளர் இல்லை. நோக்கம் எழுதப்படவில்லை. வேறொரு சோதனையைப் போலவே இருக்கிறது. நீக்கிவிடலாம்." மேலே இருந்த தலைப்பைப் பார்த்தேன். நீர் எழுதிய சோதனை. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன்.

நீர் போன பிறகு எங்கள் நிறுவனம் செய்துவரும் கருவிக்கு நான்தான் வழிகாட்டி எழுதுகிறேன். ஒரு மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, "இதைத் திற, அதை மாற்று, இது நடக்கவேண்டும்" என்று படிப்படியாக எழுதி வைப்போமே, அந்தச் சோதனைகளை வைத்திருக்கும் கருவி அது. அவற்றை இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர்கள் வாசித்துத் திருத்துகின்றன, சேர்க்கின்றன, வேண்டாததை நீக்கச் சொல்கின்றன. மனிதர் "ஏற்கிறேன்" என்று அழுத்தினால் போதும். 'நீக்குதல்' என்ற பக்கத்துக்கு ஒரு படம் எடுப்பதற்காக முகவரை ஓடவிட்டேன். பன்னிரண்டு சோதனைகளை நீக்கச் சொன்னது. "அனைத்தையும் ஏற்கவும்" என்ற பொத்தானுக்கு மேல் என் விரல் இருந்தது.

முகவரோடு கோபிக்க எனக்கு முடியவில்லை. அது சொன்னதில் பொய் இல்லை. உம்முடைய செத்தவீட்டுக்குப் பிறகு அலுவலகம் உமது கணக்கை மூடியது, உரிமையாளர் பெட்டி தானாகவே காலியானது. நோக்கம் என்ற பெட்டியை நீர் உயிரோடு இருந்தபோதும் நிரப்பியதில்லை.

அதற்காக நாங்கள் எத்தனை தரம் சண்டை பிடித்திருப்போம். வேலணையில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு எடுத்த அந்த அறைக்குத் திங்கட்கிழமைகளில் நெடுந்தீவிலிருந்து படகும் பஸ்ஸும் பிடித்து வந்து சேருவீர். வந்ததும் வராததுமாகக் கதிரையை இழுத்துப்போட்டு மடிக்கணினியைத் திறப்பீர். நான் தொடங்குவேன். "ஏன் இந்தச் சோதனை எண்டு ஒரு வரி எழுதினா என்ன, கை முறிஞ்சிடுமோ?"

"உதை ஆர் இருந்து வாசிக்கப்போகினம்? படியைச் செய்தா விளங்கும்."

முகவர்கள் வரப்போகின்றன என்று கேள்விப்பட்ட அன்று நீர் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். "எங்கட ஊரில ஏஜென்ட் எண்டா லண்டனுக்கு எண்டு ஏத்திக்கொண்டுபோய் பாங்கொக்கில விட்டிட்டு வாறவன். இவரையும் ஒருக்கா நல்லா விசாரிச்சுப் பாருங்கோ."

எங்கள் கருவியையே சோதிக்கும் உமது சோதனையில் நாலு படிகள்தான். ஒரு சோதனையைத் திறக்கவும். இரண்டு வரி மாற்றவும். இணைப்பை ஐம்பத்தைந்து நிமிடம் துண்டிக்கவும். திரும்ப இணைத்து, மாற்றிய வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கவும். ஐம்பத்தைந்து என்ற எண்ணைப் பார்த்துக் கொழும்புத் தலைமையகத்தில் சிரித்தார்கள். சோதனையை இயந்திரம் தானாக ஓட்டும்போது அவ்வளவு நேரம் மினக்கெடக் கூடாது என்று யாரோ அதை ஐந்து நிமிடமாகக் குறைத்தும் விட்டார்கள். அதனால் இரண்டு வருடமாக அது ஒருநாளும் விழவில்லை, அதாவது பிழை எதையும் காட்டவில்லை. விழாத சோதனையை முகவர் வேண்டாம் என்கிறது.

குழுத் தலைவருக்குப் போன் எடுத்தேன். நல்ல மனிதர், ஆனால் வெளியீட்டு நாள் நெருங்கிவிட்டது. "தங்கச்சி, கவலை எனக்கும் இருக்கு. ஆனா ஒருநாளும் விழாததை வைச்சு என்ன செய்யிறது? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு காரணம் சொல்லும், வைப்பம். இல்லாட்டி எடுத்துவிடுவம்."

அறையிலேயே இணைப்பை நிறுத்திவிட்டு ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருந்திருக்கலாம். மனம் வரவில்லை. "ஒருநாள் வந்து படகில ஏறிப் பாரும், அப்ப விளங்கும்" என்று எத்தனை தரம் கூப்பிட்டீர். நான் சரவணைக்காரி, தரைவழியால் பஸ்ஸில் போய்வருகிற தீவுக்காரி. கடல் ஒத்துவராது என்று சாட்டுச் சொல்லியே காலத்தைக் கடத்தினேன்.

வியாழக்கிழமை குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகு ஏறினேன். மடிக்கணினியைத் திறந்து இரண்டு வரி மாற்றினேன். கொஞ்சத் தூரம் போனதும் சிக்னல் போய்விட்டது. அதோடு கடலும் எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்துத் தந்தார். "இதை மணந்துகொண்டிரு பிள்ளை. ஆற்ற வீட்டுக்குப் போறாய்?"

உமது வீட்டைச் சொன்னேன். அவர் என் மடியில் இருந்த கணினியைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளையும் உப்பிடித்தான் தட்டிக்கொண்டு வரும். கரைக்கு வந்தாலும் டக்கெண்டு இறங்காது. கொஞ்சம் பொறுங்கோ, இருக்கோ போச்சோ எண்டு பாத்திட்டு வாறன் எண்டும். முக்கால்வாசி நாள் போச்சு எண்டுதான் சொல்லும். பிறகு பஸ்ஸுக்குள்ள இருந்து திருப்பி அடிக்கும்."

இதை நீர் எனக்குச் சொல்லவே இல்லை. அந்தத் திங்கட்கிழமைகளில் நீர் அறைக்குள் நுழைந்தபோது, ஒரு வேலையை இரண்டாம் தரம் செய்து முடித்த களைப்போடு வந்திருக்கிறீர். நான் காலிப் பெட்டியைக் காட்டி உம்மைக் குதறியிருக்கிறேன்.

நெடுந்தீவுத் துறைமுகத்தில் சிக்னல் வந்தபோது, அது போய் ஐம்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. நானும் இறங்காமல் இருந்து பார்த்தேன். என் இரண்டு வரிகளையும் காணவில்லை. அவ்வளவு நேரம் ஆள் இல்லாததால் கருவி மாற்றியதைச் சேமிக்காமலே என்னை வெளியேற்றிவிட்டது. அந்த இடைவெளியில் முகவர் தன் திருத்தத்தைப் போட்டு மூடியிருந்தது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ஐந்து நிமிடத்தில் இது நடக்காது.

உமது வீட்டுக்குப் போனேன். உம்முடைய அம்மா மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து, என்ன விஷயமாக வந்தனீர் என்று கேட்டார்.

"அவ செய்து வைச்ச ஒரு வேலை சரியோ எண்டு பாக்க வந்தனான் அம்மா."

"சரியே?"

"ஓம் அம்மா. அவதான் சரி."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை குழுத் தலைவரிடம் காரணத்தைச் சொன்னேன். வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டார்கள். சோதனை இருக்கிறது, நேரமும் பழையபடி ஐம்பத்தைந்து. நோக்கம் என்ற பெட்டியில் எழுதினேன்: "படகில் வேலைக்கு வருபவரின் உழைப்புத் தொலையாமல் இருக்க." 'நீக்குதல்' பக்கத்தின் முதல் படி இப்போது இப்படி இருக்கிறது: "நோக்கம் காலியாக இருந்தால், எழுதியவரிடம் கேளுங்கள். அவர் இல்லையென்றால், எழுதியபடியே, நேரத்தைக் குறைக்காமல், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்."

எழுதாதது உமது பிழை என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஏன் எழுதவில்லை என்று திட்டினேனே தவிர, ஏன் ஐம்பத்தைந்து என்று ஒருநாளும் உம்மைக் கேட்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தீர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்.

இப்போது யாருடைய காலிப் பெட்டியைக் கண்டாலும் அவருக்கே போன் எடுத்து ஏன் என்று கேட்கிறேன். நாளைக்குக் கேட்கலாம் என்று விடுவதில்லை. உவ என்ன இப்படிக் கரைச்சல் தாறா என்று அவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அலுக்கட்டும். போனை எடுக்க ஆள் இருக்கிறார்களே.