லி என்று முடியும் சொற்கள்

அப்பாவுக்கு,

அம்மா உங்கள் வெள்ளைக் கோட்டைத் துவைத்து, கஞ்சி போட்டு, அறைக்குள் கொடியில் காயவைத்திருக்கிறார். பங்களா கோட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டும். மழை ஈரத்தில் அந்தக் கஞ்சி வாசனை உள்ளே அப்படியே நிற்கிறது. என்னால் அங்கே இருக்க முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் காய்ச்சலோடு கரவனெல்லை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போய், திரும்பி வராமல் ஒரு மாதம் ஆகிறது. பங்களா வேலைக்கு நம் வீட்டிலிருந்து ஒருவர் போனால்தான் நீங்கள் சமைத்த குசினிக்குப் பின்னால் இருக்கும் இந்த அறை நமக்கு. இல்லையென்றால் அம்மாவும் நானும் எங்கே போவோம்? வெள்ளைக்காரத் துரைசாணி என்னை வரச் சொன்னார். ஒருநாள் வைத்துப் பார்ப்பாராம்.

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது என்னிடம் மிஞ்சியது இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் ஒன்றுதான். அதில் வினையுரிச்சொல் பாடத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். குவிக் என்பதோடு லி சேர்த்தால் குவிக்லி. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று அது சொல்லும் என்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தீர்கள். வாசிக்கத் தெரியாத உங்களுக்கு அந்தச் சொற்கள் எல்லாம் காதால் தெரிந்திருந்தன. குவயட்லி, நீட்லி, ப்ராபர்லி என்று துரைசாணியின் குரலிலேயே அடுக்கினீர்கள்.

"வேலைய ஒரு தடவதான் சொல்லுவாங்க புள்ள. எப்படி செய்யணும்ங்கிறதத்தான் நாளெல்லாம் சொல்லுவாங்க."

ஹாப்பிக்கும் லி சேருமா என்று கேட்டீர்கள். கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டு சேரும், ஹாப்பிலி என்றேன்.

"அத மட்டும் நான் அங்க கேட்டதில்ல," என்றீர்கள்.

பங்களாவில் துரைசாணியிடம் திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லை. புரிந்தாலும் புரியாவிட்டாலும் எஸ் மேடம் என்றுவிட்டு எல்லாரும் குசினிக்கு வருவார்கள். காதில் விழுந்ததை உங்களிடம் அப்படியே ஒப்பிப்பார்கள். ஆயாவுக்குச் சிங்களத்திலும், பூச்செடி பார்க்கும் மாமாவுக்குத் தமிழிலும் நீங்கள் அர்த்தம் சொல்லி அனுப்புவீர்கள்.

இன்று காலை நான் போனேன். துரைசாணி ஜன்னலைப் பார்த்தபடி நீளமாக ஏதோ சொன்னார். கடைசியில் வந்த கேர்ஃபுலி மட்டும் புரிந்தது. கவனமாகச் செய்ய வேண்டும். எதை? மேசையில் பீங்கான் இருந்தது, விளக்குகள் இருந்தன, தொட்டிலில் குழந்தை தூங்கியது. எஸ் மேடம் என்றேன். கால்கள் தாமாகவே குசினிக்கு நடந்துவிட்டன.

அடுப்பில் ஆயா வைத்த வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. நீங்கள் இனி வரவே மாட்டீர்கள் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு, "ஸ்லோலி, மேடம், ப்ளீஸ்," என்றேன். துரைசாணியிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் என்னையே பார்த்தார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். விளக்குக் கண்ணாடிகளைக் கழுவ வேண்டுமாம். நான்கையும் கழுவினேன். ஒன்றும் உடையவில்லை.

நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார். வேலை நிச்சயம் என்று சொல்லவில்லை. எப்படிச் செய்வது என்று நீங்கள் காதில் போட்டுவைத்ததெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அப்பா. என்ன செய்வது என்பதை மட்டும் நான்தான் கேட்க வேண்டும். அதற்கு நாளைக்கும் எனக்கு வாய் வரவேண்டும்.