கொடுக்காத ராஜினாமா

காலை ஐந்தரை மணிக்கு, தூங்கிக்கொண்டிருந்த கணவன் முரளிதரனுக்குச் சமையலறையில் நின்றபடியே சந்தியா எழுதினாள்.

"ஏங்க, தோசை மாவை வெளிய எடுத்து வெச்சிருக்கேன். புளிக்குழம்பு ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல இருக்கு, சுட வெச்சுக்கோங்க. தன்யாவை ஸ்கூல் பஸ்ஸுக்கு நேரத்தோட கிளப்பி விடுங்க. பத்து மணிக்கு ஏசி பார்க்க ஆள் வருவாரு."

பேனாவை மூடினாள். இருப்புக் கொள்ளாமல் மறுபடி திறந்தாள்; எழுத வராமல் மூடினாள்.

போன வாரம் மூடுபனியில் அவள் வேலைக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஏழு வண்டிகள் மோதிக்கொண்டன. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் போனில் சார்ஜ் தீர்ந்துபோனதால் முரளிதரன் இரண்டு மணி நேரம் துடித்துப்போனான்.

"ஊர் உலகமே வேலைக்குத் துபாய் வருது. நீ மட்டும் இங்கேருந்து ராஸ் அல் கைமாவுக்கு ஓடணுமா? விட்டுடு சந்தியா" என்று நேற்றும் கெஞ்சினான். அவன் கண் கலங்கியதைப் பார்த்து அவளும் தலையாட்டிவிட்டாள். ராஜினாமாக் கடிதம் இப்போது கைப்பையில் இருந்தது.

அங்கே டைல்ஸ் தொழிற்சாலை ஆய்வகத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. எதிர்ப்பக்கம் வண்டிகள் ஊர்ந்து வர, காலியான பாதையில் தனியாக ஓட்டிப்போகும் அந்த ஒரு மணி நேரமும் அவளுடையது. இரண்டையும் விட மனம் வரவில்லை.

கதவு வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"லெட்டரை இன்னிக்குக் கொடுக்கப் போறதில்ல. நாளைக்கும் இல்ல. உங்க பயம் புரியுது. பனி இருந்தா ஓரமா நிறுத்திட்டு நானே கூப்பிடறேன். திட்டணும்னா சாயங்காலம் வந்தப்புறம் நேர்லயே திட்டுங்க."