உன் அப்பா வைத்த ஆப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதற்குச் செலவில்லை. இங்கே நானும் உன் அப்பாவும், அலுவலகத் தாளில் எழுதுகிற மாதிரி சொன்னால், "நிலையாக உள்ளோம்". வீடுதான் நிலையாக இல்லை. பதறாதே, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, கூரை இன்னும் தலைக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். சொல்லி முடிப்பதற்குள் நீ குறுக்கே விழுவாய், இந்தப் பக்கம் உன் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார், இரண்டு பேருக்கும் நடுவில் நான் போஸ்ட் கம்பம் மாதிரி நிற்பேன். இரண்டு வருஷமாக அந்த உத்தியோகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது வருஷக் குப்பை, அதற்குள் தொழிற்சாலைக் கழிவு, பழைய பேட்டரி, ஆஸ்பத்திரி மிச்சம் எல்லாவற்றையும் போட்டு மூடி, மேலே ஓரடி மண்ணைப் பரப்பிப் புல்லை நட்டு, "பசுமைக் குன்று" என்று பலகை வைத்தார்கள் அல்லவா. புல் காய்ந்துபோனது, பலகை மட்டும் இன்றைக்கும் பசுமையாக இருக்கிறது. நீ போன தடவை வந்திருந்தபோது பின்சுவரில் விரிசலைக் காட்டி, இந்த மேடு நம் தலையில்தான் வந்து இறங்கப்போகிறது, வீட்டை விட்டுவிட்டு வேறு எங்காவது போகலாம் என்றாய். உன் அப்பா, நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே மேடு அங்கேதான் நிற்கிறது, உனக்கு முன்னால் அதுதான் என் மூத்த பிள்ளை என்றார். நீ சொல்லிக்கொள்ளாமல் ரயில் ஏறிவிட்டாய். அன்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. மூத்த பிள்ளையோ அதன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, உங்கள் சண்டையை அது சட்டை செய்யவில்லை.

போன வருஷ மழையில் மேட்டு உச்சியில் நீளமாக ஒரு வெடிப்பு விழுந்தது, அடிவாரத்தில் கறுப்புத் தண்ணீர் கசிந்து நம் மதில் வரைக்கும் வந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதினால் தாள் மணக்கும், விடு. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள், அப்புறம் தெருவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். "சரியும் பகுதி விரைவில் சரி செய்யப்படும்." அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைக்கிறவள் நான், இதில் பிழையே கண்டுபிடிக்க முடியவில்லை. விழுவதற்கும் செம்மையாக இருப்பதற்கும் நம் மொழியில் ஒரே சொல் இருப்பதை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் இதற்கு முன் யாரும் இல்லை. திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். மேட்டுக்குள் ஓட்டைக் குழாய்களைச் செருகி உள்ளே தேங்கின தண்ணீரை இறக்குவது, உச்சியை வெட்டிச் சாய்வைக் குறைப்பது, அடிவாரத்தில் பாறைகளை அடுக்கி முட்டுக் கொடுப்பது. ஆனால் பாறையை மழைக்கு முன்னால் அடுக்குவதா, மழை போன பிறகு அடுக்குவதா என்று தெரிய வேண்டுமாம். மேடு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளக்கிற கருவிக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது வருகிற வழியில் எங்கோ தங்கி ஓய்வெடுக்கிறது. அதுவரைக்கும் ஒப்புக்கு அடிவாரம் நெடுக பதினெட்டு மரமுளைகளை நட்டார்கள், தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து. முளை சாய்ந்தால் மேடு நகர்கிறது, நிமிர்ந்து நின்றால் நகரவில்லை, அவ்வளவுதான் கணக்கு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒருவர் வந்து ஒவ்வொரு முளையிலும் ஒரு கோணமானியை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். அவருக்கு நம் தெருவில் பதினஞ்சு நாள் என்றுதான் பெயர்.

பதினஞ்சு நாள் நான்கு தடவை வந்தார். நான்கு தடவையும் பதினெட்டு முளைகளும் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நின்றன. பலகையில் "மேடு நிலையாக உள்ளது" என்று தாள் ஒட்டினார்கள், பாறை வேலையை மழைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். தெருவே பெருமூச்சு விட்டது. அடுத்த வீட்டு நர்ஸ் அக்கா, வீட்டுக்காரர் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்த படுக்கையாக இருக்கிறாரே, அவரையும் கட்டிலையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று பாதிச் சாமான் கட்டி வைத்திருந்தவர், எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினார். அவர் கட்டில் கிடக்கிற பின்னறை மேட்டுக்கு எவ்வளவு பக்கம் என்று உனக்குத் தெரியும், நம் வீட்டைவிடப் பக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின் வியாதி உனக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷம் படங்களுக்குச் சட்டம் போட்ட மனுஷன், உலகத்தில் எது கோணலாக நின்றாலும் அவருக்குக் கை துருதுருக்கும். நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் சாய்ந்து தொங்கின காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் திரும்பினார். அப்பேர்ப்பட்டவரின் கொல்லைக்குப் பின்னால் பதினெட்டு முளைகளை நட்டு, அது சாயும் என்றும் சொல்லிவிட்டுப் போனால்? தினம் காலையில் பல் துலக்கினதும் கையில் கோணல் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலைத் திறந்துகொண்டு போவார். சாய்ந்திருக்கிற முளையைத் தட்டி நிமிர்த்தி, அடியில் விழுகிற இடைவெளியில் கடையில் மிஞ்சின சட்டத் துண்டிலிருந்து சீவின ஒரு மெல்லிய ஆப்பைச் சொருகிவிட்டு வருவார். அரசாங்கச் சொத்துக்கு இலவசப் பராமரிப்பு. ஆப்பு வைப்பது என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்வோம், உன் அப்பா நிஜமாகவே ஒரு தெருவுக்கு வைத்தார், அதுவும் இழைத்து, வழவழப்பாக.

எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். அதைத்தான் ராத்திரி பகல் பார்க்காமல் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சமையலறை ஜன்னல் வழியாக அவர் குனிந்து நிமிர்வதை மூன்று நான்கு தடவை பார்த்தேன். காலையில் ஒரு வேலையாவது இருக்கிறதே, என் அலமாரியைக் குடையாமல் இருக்கிறாரே என்று நினைத்தேனே தவிர, என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஆயிரம் சொல்லில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவள் நான். சமையலறைக் கதவு இரண்டு வாரமாகச் சாத்த முடியவில்லை, அடியில் உரசுகிறது. அதைப் பார்த்தேன். பலகையில் நிலையாக உள்ளது என்று அச்சடித்திருந்ததையும் பார்த்தேன். கதவை நம்பாமல் தாளை நம்பினேன். அச்சில் வருகிறது எப்படி வருகிறது என்று தெரிந்தவள் நம்பக் கூடாது. ஆனால் நீ சொன்னது பொய்யாகிவிட வேண்டும் என்று எனக்குள்ளும் ஒரு ஆசை இருந்தது போல, அந்தத் தாள் அதற்குத் தோதாக இருந்தது.

போன மாதக் கடைசியில் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலை இந்த மேட்டு வேலைக்குப் பொறுப்பான பொறியாளர் பெண்ணே நேரில் வந்துவிட்டாள். உன் வயதுதான் இருக்கும், முழங்கால் வரைக்கும் பூட்ஸ், பேச்சும் உன்னுடையது மாதிரியே, கேட்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் தராது. நம் மதில் வயிறு தள்ளி நிற்கிறது, அதற்கு ஆறடி தள்ளி முளைகள் நேராக நிற்கின்றன. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பிப் பதினஞ்சு நாளைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்து எழுதினீர்களா, இந்த நான்கு தாளிலும் நீங்கள் போட்டிருக்கிறது கையெழுத்தா, கதையா, இன்றைக்கே மேலே எழுதப் போகிறேன், நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம் என்று வாங்கு வாங்கு என்று வாங்கினாள். அந்த மனுஷன் கோணமானியைச் சட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். உன் அப்பா பின்வாசலில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் சும்மா இருக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன், அதையும் எழுதிவிடுகிறேன், நான் என்னவோ நியாயவாதி என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

"அவர் சரியாத்தாம்மா பார்த்தார். நிமிர்த்தி வச்சது நான். கோணலா இருந்துச்சு, பார்க்கச் சகிக்கல."

அவள் கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை, எப்படி நிமிர்த்தினீர்கள் என்று கேட்டாள். இவர் முட்டிபோட்டு ஒரு முளையின் அடி மண்ணை விலக்கிக் காட்டினார். ஒன்றன் மேல் ஒன்றாக ஆப்புகள், எல்லாம் ஒரே கனம், சட்டக்காரர் கை அல்லவா. இதில் எதையாவது உருவினீர்களா என்றாள். இல்லை, வைத்ததெல்லாம் வைத்தபடிதான் இருக்கிறது, நல்ல மரம் என்றார். அவ்வளவுதான், ஆப்பை எண்ணினால் மேடு நகர்ந்த கணக்கு வந்துவிடும் என்று அவளும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு முளைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அடியில் இருக்கிற ஆப்புகளை எண்ணினார்கள். இவர் உருவி உருவிக் கொடுக்க, பதினஞ்சு நாள் எண்ணிச் சொல்ல, அவள் எழுதினாள். ஓரத்து முளைகளில் மூன்று, நான்கு. நம் வீட்டுக்குப் பின்னால் ஒன்பது. நர்ஸ் அக்கா வீட்டுப் பின்னறைக்கு நேரே பதினாறு. அந்த எண்ணைச் சொன்னபோது உன் அப்பாவின் கை நின்றுவிட்டது. அந்த முளையை எத்தனை தடவை நிமிர்த்தினோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். பதினாறு தடவை அது அவருக்குச் சொல்லியிருக்கிறது, பதினாறு தடவையும் அதன் வாயில் ஒரு ஆப்பைச் சொருகியிருக்கிறார்.

சாயங்காலத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து அக்காவின் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது. கட்டிலைக் கொண்டுபோக நேரமில்லை. நான்காம் நாள் மத்தியானம் நான் அச்சகத்தில் இருந்தேன், உன் அப்பா தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறார். பெரிய சத்தமெல்லாம் இல்லையாம், ஈரத்துணி மூட்டையைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம்தானாம். மேட்டின் நடுப்பாகம் கறுப்புச் சேறாக இறங்கி, அக்காவின் பின்சுவரை உள்ளே தள்ளிவிட்டு அறைக்குள் போய் நின்றது. மறுநாள் ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டுக் கம்பி மட்டும் வெளியே தெரிந்தது.

இப்போது தெருவில் உன் அப்பாதான் பெரிய மனுஷன். அவர் வைத்த ஆப்பால்தான் எல்லாரும் பிழைத்தோம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆப்பே வைக்காமல் இருந்திருந்தால் ஒன்றரை மாதத்துக்கு முன்னாலேயே பாறை வந்திருக்கும், அக்காவுக்கு ஒரு சுவர் மிஞ்சியிருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றி நாகரிகமாக விழுங்கிவிட்டார்கள். பதினஞ்சு நாள் வீடு தேடி வந்து, நீங்கள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் வேலை போயிருக்கும் சார் என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் கை வைக்காமல் இருந்திருந்தால் உங்கள் வேலை ஒழுங்காக நடந்திருக்கும் என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போய்விட்டார். அக்கா டியூட்டிக்குப் போகிற வழியில் வந்து, வீட்டுக்காரர் அங்கே வார்டில் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று மட்டும் இவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு இவர் திட்டே வாங்கியிருக்கலாம் என்கிறார்.

பாறை வந்து இறங்க ஆரம்பித்துவிட்டது, இத்தனை நாள் வராத கருவியும் கூடவே வந்துவிட்டது, பாறைக்கு இடம் வேண்டும் என்பதால் நம் கொல்லை, சமையலறை, உன் அறை மூன்றும் போகிறது. அச்சக முதலாளி மாடியில் இரண்டு அறை கொடுத்திருக்கிறார், மிஷின் சத்தத்தில் உன் அப்பாவின் குறட்டை கேட்காது என்பது ஒரு லாபம். நீ உடனே டிக்கெட் போட்டுக் கிளம்பி வராதே, வந்தால் படுக்க இடம் இல்லை, முட்டு முழுக்கக் கட்டி முடிக்க இன்னும் நான்கு மாதம் என்கிறாள் அந்தப் பொறியாளர் பெண், அப்புறம் வா. உன் சாமான் மூன்று பெட்டி இருக்கிறது. எதை வைத்துக்கொள்ள, எதைத் தூக்கிப்போட என்று வெள்ளிக்கு முன்னால் எனக்குச் சொல். தூக்கிப்போடு என்றால் எங்கே என்று மட்டும் நான் கேட்பேன், இந்தத் தெருவில் அது கொஞ்சம் சிக்கலான கேள்வி. ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, வண்டி பிடித்து வா. தலைவலிக்கு நீயாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதே.

கடைசியாக ஒன்று. இதை உனக்கு எழுதச் சொன்னது உன் அப்பாதான். மகளிடம் சொல்லிவிட்டாயா என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதாவது மெழுகி எழுதிவிடுவேன் என்று பயந்து, எண்ணிக்கையைச் சரியாகப் போடு, பதினாறு என்று போடு என்றார். நீங்களே எழுதுங்களேன் என்று தாளைக் கொடுத்தேன், "அன்பு மகளுக்கு" என்று ஆரம்பித்துவிட்டு அரை மணி நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். மேலே இருக்கிற அந்த இரண்டு சொல் அவர் கையெழுத்து, பார், மற்றதெல்லாம் நான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூப்பிடு, போனை நான் எடுக்க மாட்டேன், மாடிக்குச் சாமான் ஏற்றப் போயிருப்பேன். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று மட்டும் கேள். மற்றதை அவரே சொல்லட்டும், இடையில் நிறுத்தினால் வைத்துவிடாதே, கொஞ்சம் காத்திரு.

நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நீ நன்றாக இருக்க வேண்டும். வேறு ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா