சூடேறாத மாருதி

அரியலூர்,
பொங்கலுக்கு அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் அமல்தாசுக்கு,

அம்மா எழுதுகிறேன். அடைக்கல மாதா தயவில் இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடும், ஓரளவு ஒற்றுமையோடும் இருக்கிறோம். அங்கே நீயும் ஜெனிதாவும் பனியில் வழுக்கி விழாமல் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று செபமாலையில் உங்களுக்காகத் தனியாக வேண்டிக்கொள்கிறேன். கையில் போன் இருக்க, அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். கடிதத்துக்கு அந்த விரலைக் காட்ட முடியாது, உட்கார்ந்து முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் நம் பழைய மாருதி. அதற்குப் பதினைந்து வயது முடிகிறது, மறுபடி பதிவு செய்ய வேண்டும், அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும் என்று பெட்ரோல் பங்க் பக்கத்தில் சோதனை செய்யும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் சைலன்சருக்குள் குழாயைச் சொருகிவிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்து, மோசமான ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். “கார்பன் மோனாக்சைடு ரொம்ப ஏறிக் கெடக்கு டீச்சர், ஃபெயிலு” என்றார். எத்தனையோ பிள்ளைகளை அறிவியலில் ஃபெயிலாக்கியவள் நான், தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். அந்த நேரம் பார்த்துச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய், ரோட்டில் நின்ற எல்லோருக்கும் இலவசமாக வெள்ளையடித்துவிட்டன. அரியலூர் வானத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பது மரிய புஷ்பத்தின் மாருதிதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

உன் அப்பா முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கார் ஓட்டுவதில்லை, நான் ஓட்டுவதோ அவருக்குப் பிடிப்பதில்லை. “கவர்மெண்டே வேணாங்குது புஷ்பம், தள்ளிவுட்டுடலாம்” என்று சொல்லி, பழைய வண்டிகளை வாங்கி உடைக்கும் அண்ணாதுரைக்கு உடனே போன் போட்டு, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். உன் பெரியம்மா என்ன செய்வாள் என்று யாரும் யோசிக்கவில்லை. ஏலாக்குறிச்சியில் பக்கவாதம் வந்து கிடக்கிறவளை வாராவாரம் நான்தான் பெரம்பலூருக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். ஊரையே பேசி அடக்கியவளுக்கு இப்போது ‘ம்’, ‘ஆ’ தவிர வேறு பேச்சில்லை. ஒரு வாரம் விட்டாலும் விரல்கள் இறுகிப்போகும் என்று அங்கே பார்க்கும் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் அவளை ஏற்ற முடியாது. வாடகைக் காருக்கும் அலைந்து பார்த்தேன், அந்த ஊருக்கு வந்து, பெரம்பலூர் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விட ஒருவரும் வாராவாரம் ஒத்துக்கொள்ளவில்லை. காரைக் கொண்டுவராமலே நம்பர் பிளேட் போட்டோவை மட்டும் அனுப்பிச் சான்றிதழ் வாங்கலாம் என்று தெருவில் ஒரு நல்லவர் வழி சொன்னார். அவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

அப்புறம் கனடாவிலிருந்து உன் திருவாய் மலர்ந்தது. கார் உதிரிபாகக் கம்பெனியில் இஞ்சினியர் அல்லவா, கட்டிலில் படுத்துக்கொண்டே ஏழு கடல் தாண்டி எங்கள் சைலன்சரை மோந்து பார்த்துவிட்டு, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்றினாலும் பிரயோசனமில்லை, விற்றுவிட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கம்மா என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாய். எவ்வளவு சுலபமான யோசனை. அதை உன் அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்.

நான் மட்டும் பெரிய மேதை என்று சொல்லவில்லை. காற்று வடிகட்டியில் சுண்ணாம்புத் தூசி அடைத்திருக்கும், காற்று குறைந்தால் பெட்ரோல் அரைகுறையாகத்தானே எரியும் என்று பாடமெல்லாம் நடத்தி, மெக்கானிக் சின்னதுரையிடம் போய் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினேன். கழற்றிய பிளக்குகள் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தன. கண்டுபிடித்துவிட்டேன் என்ற மிதப்பில் மறுபடி சோதனைக்குப் போனேன், மறுபடியும் ஃபெயில். வீட்டுக்கு வந்தபோது உன் அப்பா காபி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், அதற்குச் சொல்லே தேவையில்லை.

பழைய சான்றிதழுக்கு இன்னும் நாள் இருந்ததால் அந்தத் திங்கட்கிழமை பெரியம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். காலைப் பனியில் அவள் கை விறைத்து ஜில்லென்று இருந்தது. பாவம் என்று காரின் ஹீட்டரைப் போட்டு, காற்று வரும் இடத்தில் அவள் கையை வைத்தேன். அரியலூர் தாண்டியும் பச்சைத்தண்ணீர் தெளித்த மாதிரி குளிர்காற்றுதான் வந்தது. பெரம்பலூருக்குள் நுழையும்போது பார்க்கிறேன், சூடு காட்டும் ஊசி அடியிலேயே படுத்துக்கிடக்கிறது. இவ்வளவு தூரம் ஓடிய இஞ்சின் எப்படிச் சூடாகாமல் இருக்கும்? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நம்பி, கார் பெட்ரோலைக் கூடக்கூட ஊற்றுகிறது. ஊற்றியதெல்லாம் எரியாமல்தான் பிளக் கறுக்கிறது, புகையும் கெடுகிறது.

திரும்பி வந்து சின்னதுரையிடம் சொன்னால் அவருக்கு ஒரே ஆச்சரியம். “வண்டி கூலா ஓடுனா நல்லதுதானுங்களே டீச்சர், எதுக்கு நோண்டுறீங்க?” என்றார். இஞ்சினுக்குள் சூடு ஏறும்வரை தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்குமே, அதைக் கழற்றிப் பாருங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். மூடியைக் கழற்றியவர் உள்ளே விரலை விட்டுத் துழாவிவிட்டு, என்னைப் பார்த்தார். “உள்ள ஒண்ணுமே இல்லீங்க. போன தடவ லீவுல வந்தப்ப தம்பி எங்கிட்ட ஸ்பேனர் வாங்கிட்டுப் போச்சு, நம்மூர் வெயிலுக்கு அது தண்டம்னு சொல்லிக்கிட்டே போச்சு” என்றார். ராசா, உன்னைப் படிக்க வைத்த கல்லூரிக்கு என் பாராட்டைத் தெரிவித்துவிடு. நீ லீவில் வந்தபோது கார் கொதிக்கிறது என்று வால்வைக் கழற்றி எறிந்தாயே, அது கொதித்ததற்குக் காரணம் ரேடியேட்டர் மூடி தேய்ந்துபோனதுதானாம். தலைவலிக்குத் தலையை எடுத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறாய். அந்தக் கைராசிக்காரன்தான் இப்போது காரைக் குப்பைக்குப் போடச் சொன்னான்.

திருச்சியிலிருந்து வால்வு வரவழைத்து, மூடியையும் மாற்றினோம். சனிக்கிழமை உன் அப்பா தானாகவே வந்து முன்சீட்டில் ஏறினார், நான் மறுபடி தோற்பதைக் கண்ணால் பார்க்கத்தான். ஊசி நடுவே ஏறியதும் “புஷ்பம், கொதிக்குது, நிறுத்து நிறுத்து!” என்று டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு அலறினார். அது அங்கேதான் நிற்க வேண்டும் என்று புரியவைப்பதற்குள் எனக்குக் கொதித்துவிட்டது. சோதனையில் பாஸ். மறுநாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் அண்ணாதுரை சங்கிலியோடு வாசலில் நிற்கிறார். உன் அப்பா சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டி, “நல்லா இருக்குற வண்டிய யாராச்சும் இரும்புக்குப் போடுவாங்களாய்யா? வால்வுதான் பிரச்சனை, நாங்க கண்டுபிடிச்சுட்டோம்” என்றார். நாங்கள்! வந்த மனிதருக்கு நான்தான் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

நேற்று பெரியம்மாவைப் பெரம்பலூரில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு லாரியை முந்திக்கொண்டு நான் பாட்டுக்குப் போகிறேன், பக்கத்திலிருந்து, “மெதுவா போடி, பள்ளம்!” என்று ஒரு குரல். குழறல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்ததில் நேராக அந்தப் பள்ளத்திலேயே இறக்கிவிட்டேன். காரை ஓரங்கட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுகிறேன், அவளோ பள்ளத்தையும் என்னையும் மாறிமாறி முறைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் பேசாதிருந்தவள் வாய் திறந்ததும் என் டிரைவிங்கைத்தான் குறை சொன்னாள். இவ்வளவு இனிப்பான திட்டை நான் வாங்கியதே இல்லை.

ஜெனிதாவைக் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணின் மணியாகக் காத்து, நல்ல உடம்பும் நிறைந்த மனதும் தரட்டும். வருகிற ஞாயிறு மறக்காமல் பெரியம்மாவுக்குப் போன் செய். அவசரமாக வைத்துவிடாதே, அவள் ஒரு சொல்லைத் தேடி எடுக்க நேரமாகும். எடுக்கும்வரை காத்திரு.

உன்னைத் திட்டிக்கொண்டே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா,
மரிய புஷ்பம்.