கோபி கட்டப்போகும் கூண்டு

வியாழன், இரவு.

கோபி இன்று மறுபடி வந்தான். மூன்று மாதத்துக்கு முன்னால், மகளுக்கு என்று சொல்லி என்னிடம் இரண்டு முயல் வாங்கிப்போன மாத்தூர்க்காரன். வாங்குகிறவர் வீட்டை நேரில் பார்க்காமல் நான் முயல் கொடுப்பதில்லை. அன்றைக்கு மழை. அவன் காட்டிய வீட்டுப் போட்டோவை நம்பிக் கொடுத்துத் தொலைத்தேன்.

"யக்கா, இன்னும் நாலு வேணும். பாப்பா அழுதுகினே கீது."

"பழசு ரெண்டும் எப்டி கீது?"

"சூப்பரா கீதுக்கா. வூடு பூரா ஓட்டந்தான்."

போன ஞாயிறு அதில் ஒன்றைக் கறிக்கடைக் கூண்டில் பார்த்தேன். என் முயல்களுக்குக் காதுக்குள் மூன்று புள்ளி பச்சை குத்தியிருப்பேன். கடைக்காரரே கோபியின் பெயரைச் சொன்னார். மற்றது முந்தின நாளே போய்விட்டதாம். மிஞ்சியதைத் தூக்கி வந்துவிட்டேன். கோபி பேசிக்கொண்டிருந்தபோது அது என் கட்டிலுக்கடியில் முள்ளங்கிக் கீரை தின்றுகொண்டிருந்தது.

நான் திட்டவில்லை. சிரித்தேன்.

"நாலுன்னா பெரிய கூண்டா கட்டு கோபி. வந்து பாத்துட்டுத் தரேன்."

சந்தோஷமாகப் போனான்.

கட்டட்டும். கம்பி இடைவெளி அதிகம் என்று பிரிக்கச் சொல்வேன். அப்புறம் வெயில் அடிக்கிறது என்று இடத்தை மாற்றச் சொல்வேன். எல்லாம் முடிந்து அவன் கையை நீட்டுகிற அன்று, கட்டிலுக்கடியில் இருப்பவளை என் மடியில் வைத்துக் காதைத் திருப்பிக் காட்டுவேன்.

மகள் என்று ஒருத்தி நிஜமாகவே இருந்தால், அவளும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.