நாத்தனாரோடு ஒரே அறையில் உலகம் சுற்றுகிறேன்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதோ என்று பயந்துவிடாதே, மேசையே ஆடுகிறது, கடல்தான் பேனாவைப் பிடித்து இழுக்கிறது. நானும் உன் அத்தையும் தண்ணீரின் மேல் சௌக்கியம், உன் அப்பா கரையில் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் மூன்று பேருக்கும் எப்போதும் உள்ள நினைப்பு. அத்தையா, அவர் எங்கே வந்தார், அப்பா ஏன் கரையில் இருக்கிறார் என்று நீ வாயைப் பிளப்பது இங்கே எனக்குத் தெரிகிறது. ஆமாம் கண்ணு, உன் அப்பாவின் அக்காவும் நானும் ஒரே அறையில் எதிரெதிர் கட்டிலில் படுத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். உன் அப்பா இத்தனை நாளும் போனில் உன்னிடம் கடல் அப்படி இருக்கிறது இப்படி இருக்கிறது என்று அளந்தாரே, அதெல்லாம் நம் வீட்டுச் சமையலறையிலிருந்துதான். அலை சத்தம் கேட்கிறதாப்பா என்று நீ கேட்டபோது குழாயைத் திறந்துவிட்டாராம், என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

நடந்தது இதுதான். நாங்கள் இரண்டு பேரும் கப்பலில் உலகம் சுற்றப் போகிறோம் என்று உன் அப்பா ஒரு வருஷமாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது உனக்குத் தெரியும், பட்டறைச் சுவரில் உலகப் படத்தை ஒட்டி, கப்பல் போகும் வழிக்குச் சிவப்பு நூல் கட்டி, ரேடியேட்டர் அடைப்பு எடுக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினார். கிளம்புவதற்கு முன் ஒத்திகை பார்ப்போம் என்று துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் படகில் ஏறினோம். படகின் கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை, மனிதர் முகம் பாசி பிடித்த சுவர் மாதிரி ஆகி, படகோட்டியின் செருப்பு மேலேயே வாந்தி எடுத்துவிட்டார். டாக்டரிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார், அன்றைக்கு மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு, "நான் தரைக்குப் பொறந்தவன், என்னை விட்ரு, நீ போயிட்டு வா"ன்னு சொல்லிவிட்டார். தனியாகப் போக எனக்கு மனசில்லை, வேண்டாம் என்றேன். ஆனால் நான் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கியதை அவர் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். இத்தனை வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன், அதே தெரு, அதே வளைவு, அதே கேட், ஒரு நாளாவது வண்டியை அந்த முக்கில் திருப்பாமல் நேராக விட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் புலம்பியதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும் போல. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே அக்கா வீட்டுக்குப் போய், "என் எடத்துல நீ போறியா"ன்னு கேட்டுவிட்டு வந்துவிட்டார். அக்காவும் சரி என்றுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

உனக்குத்தான் தெரியுமே, நீ கிளம்பிய அன்று விமான நிலையத்தில் அத்தை எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "பெத்த பொண்ண இவ்ளோ தூரம் அனுப்பிட்டு எப்படித்தான் தொண்டையில சோறு எறங்குமோ"ன்னு சொன்னது. நானே நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு உனக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் சூட்டுக்கோலை வைத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஆறு வருஷமாக எங்களுக்குள் வாங்க, வரேன், இந்த இரண்டே வார்த்தைதான். அப்படிப்பட்டவரோடு, குளியலறையில் குனிந்தால் கதவு திறந்துகொள்ளும் அளவு சின்ன அறையில் குடித்தனம் என்றால் எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பார். அறையைச் சுத்தம் செய்யும் பையன் தினமும் துண்டை மடித்து யானை, முயல், கொக்கு என்று செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவான். எனக்கு அதைப் பிரிக்கவே மனசு வராது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்த கை சும்மா இருக்குமா, அத்தை வந்த உடனே யானையை உதறி, நான்கு மூலையும் சேர்த்துச் செங்கல் மாதிரி மடித்து அடுக்கிவிடுவார். குறட்டை வேறு, கப்பல் எஞ்சின் நின்றாலும் எங்கள் அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சாப்பாட்டுக் கூடத்தில் அவர் ஜன்னலோரம், நான் தூணோரம்.

ஆனால் கண்ணு, கடலைப் பற்றி உனக்கு எப்படிச் சொல்வேன்! விடிகிற நேரம் கப்பலின் மேல் தட்டுக்குப் போனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர், நடுவில் நான். மீன் பறக்கிறது, நிஜமாகவே இறக்கை விரித்துப் பறக்கிறது, ஒன்று அந்த மேல் தட்டிலேயே வந்து விழுந்தது. ஒரு நாள் கப்பல் மாடிப்படி ஏறியதைப் பார்த்தேன். இரண்டு கடலுக்கும் நடுவில் மலையை வெட்டிக் கால்வாய் போட்டிருக்கிறார்கள், பெரிய தொட்டி மாதிரி ஒன்றுக்குள் கப்பலை விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பித் தூக்கி, அடுத்த தொட்டிக்கு அனுப்புகிறார்கள். இரண்டு பக்கமும் சுவர் கையை நீட்டினால் தொடலாம் போல நெருக்கம், எனக்கு உயிரே போய்விட்டது, கம்பியை ஸ்டீயரிங் மாதிரி பிடித்துக்கொண்டு வலது காலால் தரையை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறேன். பக்கத்தில் யாரோ குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள், திரும்பினால் உன் அத்தை. "பிரேக் புடிச்சது போதும், கப்பல் நிக்கப் போவுது"ன்னார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஒரு சிரிப்புக்கெல்லாம் மசிந்துவிடுவேனா. அப்புறம் பெரிய கடலில் தேதி மாறுகிற கோட்டைத் தாண்டினோம், செவ்வாய்க்கிழமை படுத்து வியாழக்கிழமை எழுந்தோம், புதன் காணாமல் போய்விட்டது. அந்தப் புதன்தான் அத்தையின் பிறந்த நாள். "நான் கேக்கலைம்மா, கடலாப் பாத்துக் குடுத்தது, இந்த வருஷம் எனக்கு வயசு ஏறல"ன்னு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனிமேல்தான் விஷயம். போன வாரம் ஒரு மலையோரத் துறைமுகத்தில் நிறுத்தினார்கள், தெருவெல்லாம் செங்குத்து, வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். வழக்கம்போல அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக இறங்கிப் போனோம். சாயங்காலம் கப்பல் கிளம்பப் போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், அறைக்கு வந்தால் அத்தையைக் காணோம், ரத்த அழுத்த மாத்திரை மேசைமேல் அப்படியே கிடக்கிறது. சாப்பாட்டுக் கூடம், நூலகம், மேல் தட்டு எல்லாம் தேடிவிட்டு ஓடிப்போய் கீழே பார்த்தால், கப்பலையும் கரையையும் சேர்க்கிற ஏணிப்பாலத்தை இழுக்கத் தயாராக நிற்கிறார்கள். வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருத்தர் ஒரு பயணி இன்னும் வரவில்லை என்று, ஏறி இறங்குகிறவர்களைக் கணக்கெடுக்கும் மெஷினைக் காட்டினார், அத்தையேதான். "நீங்க மேல போங்க, அவங்க அடுத்த ஊருக்கு விமானத்துல வந்து சேர்ந்துக்கலாம்"ங்கிற மாதிரி ஏதோ சொன்னார். பாஷை தெரியாத ஊரில் மாத்திரை இல்லாமல் அந்த மனுஷி எங்கே போய் விமானம் ஏறும்? எனக்கு அண்ணி, நாத்தனார், சண்டை, எதுவும் ஞாபகமில்லை, ஒரு தலை குறைகிறது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. பிள்ளைகளை எண்ணிப் பார்க்காமல் நான் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை, தலைமையாசிரியரே வந்து ஹாரன் அடித்தாலும் எடுத்ததில்லை. ஒரு காலை ஏணியிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், ஆள் வராமல் இதை இழுக்கக் கூடாது என்றேன். இது பஸ் இல்லைம்மா கப்பல் என்றார். எதுவானால் என்ன, ஓட்டுகிறவருக்குக் கணக்கு ஒன்றுதான் என்றேன். அப்படியானால் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போவோம் என்றார். சரி, என் பெட்டியை இறக்குங்கள் என்றுவிட்டேன். சொல்லும்போது தலைக்கு மேலே கப்பல் ஊதியது பார், இனிப் பார்க்க வேண்டிய மீதி உலகமும் கண் முன்னால் வந்து டாட்டா காட்டியது. அப்போது எதிரே ஒரு ஐஸ் லாரி தண்ணீர் சொட்டச் சொட்டப் பறந்து வருகிறது, டிரைவர் பக்கத்தில், தலை குருவிக்கூடாக, ஒரு காகிதப் பையை மார்போடு கட்டிக்கொண்டு உன் அத்தை! மேல் தட்டில் இருந்தவர்கள் கைதட்டிய சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். அந்த அதிகாரிகூடத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

அறைக் கதவைச் சாத்திய உடனே ஆறு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துக் கொட்டினேன். "உங்களுக்கு அறிவிருக்கா அண்ணி, பேச்சு மூச்சில்லாம எங்க போனீங்க, உங்களுக்கு ஏதாவதுன்னா நான் அவருக்கு என்ன பதில் சொல்லுவேன்"ன்னு ஒரே கத்தல். அவர் பையைப் பிரித்தார், உள்ளே கருநீலக் கம்பளி நூல். உனக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாராம் கண்ணு. நீ போனதிலிருந்தே பின்னுகிறாராம், முடிக்கும் நேரத்தில், பிள்ளை இளைத்திருப்பாள், அளவு சரியாக வராது என்று பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். கப்பல் உன் ஊருக்கு வரும்போது உன்னை நேரில் பார்க்கப் போகிறோமே என்று இந்தத் தடவை முடித்துவிட நினைத்தால் ஒரு கைக்கு நூல் போதவில்லை, அதே நிறம் கிடைக்கிற கடையைத் தேடித் தேடி மலை உச்சிக்கே போய் வழியைத் தொலைத்துவிட்டார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார், "அன்னிக்கு நான் உன்னச் சொல்லல. என்னையத்தான் சொல்லிக்கிட்டேன். எனக்குத்தான் சோறு எறங்கல. அதைச் சொல்லத் தெரியாம உன் மேல வீசிட்டேன்." ஆறு வருஷமாக நான் தயார்செய்து வைத்திருந்த பதிலையெல்லாம் விட்டுவிட்டு, நூல் கண்டை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன், அவர் உருண்டையாகச் சுற்றினார்.

இப்போது சாப்பாட்டு மேசை ஒன்றுதான். மேல் தட்டில் நடன வகுப்பில் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிறோம், அவர் என் காலை மிதிக்கிறார், நான்தான் மிதித்தேன் என்கிறார். நேற்று அவர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவைக்கக் கூடாது அண்ணி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன், கப்பலில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற பழமொழியா இது என்று ஒரு மணி நேரம் திட்டு. குறட்டை மட்டும் மாறவில்லை.

நீ நின்றுகொண்டே சாப்பிடாதே. கண் வலிக்கிறது என்றாயே, கண்ணாடியை மாற்று, தள்ளிப்போடாதே. அப்பாவுக்கு அடிக்கடி போன் போடு, கடல் எப்படி இருக்கிறது என்று அப்பாவியாகக் கேட்டு அவரைக் கொஞ்சம் உளறவிட்டுவிட்டு, அப்புறம் குழாயை மூடுங்கப்பா என்று சொல். அடுத்த மாதம் இருபதாம் தேதி கப்பல் உன் ஊர்த் துறைமுகத்துக்கு வருகிறது, காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடும். நான் கிளம்பும் முன் போனில் கேட்டபோது, அந்த வாரம் வேலை அதிகம், பார்க்கலாம்மா என்றாய். பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டாம், லீவு சொல்லிவிடு. முடியாது என்றால் உன் ஆபீஸ் விலாசத்தை அனுப்பு, நாங்கள் இரண்டு பேரும் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துகொள்கிறோம், அவமானம் உனக்குத்தான்.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, மனசு நிறைந்து இரு என் தங்கமே. இருபதாம் தேதியை மறந்துவிடாதே.

கடல் நடுவிலிருந்து முத்தங்களோடு,
உன் அம்மா

கண்ணு, அத்தை எழுதுவது. உறையை ஒட்டும் முன் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி, ஒரு இடத்தில் உன் அம்மா பொய் எழுதியிருக்கிறாள். ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று வீராங்கனை மாதிரி நின்றாளாம். நான் லாரிக் கதவைத் திறந்தபோது அவள் நிற்கவே இல்லை. ஏணியின் கடைசிப் படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "எங்க அண்ணி வராம நான் எழுந்திரிக்க மாட்டேன்"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். எனக்காக ஒருத்தர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.